திருகோணமலையின் வன்னீரும் வீடுகள் செலுத்தும் விலையும்

திருகோணமலையில் ஒரு வீட்டின் குழாயைத் திறந்தால் வருவது எந்த நீர் என்பதை அந்த வீட்டாரே சில வேளைகளில் உறுதியாகச் சொல்ல முடியாது. நகருக்கும் சுற்றுப்புறங்களுக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை குழாய்வழி வழங்குவது கந்தளாய்க் குளத்து நீர். ஆனால், வீட்டு வளவில் கிணறும், அதன் அருகே மின்பம்பியும், கூரைமேல் கறுப்புத் தாங்கியும் உள்ள வீடுகள் ஏராளம். சபையின் நீர் தடைப்படும்போதோ அமுக்கம் குறையும்போதோ கிணற்று நீர் அதே தாங்கிக்கு ஏற்றப்படுகிறது. குழாய் இணைப்பு எட்டாத கரையோரக் கிராமங்களில் தாங்கிக்குச் செல்வது கிணற்று நீர் மட்டுமே. ஆகவே 'குழாய்நீர் கெட்டுவிட்டது', 'தண்ணீர் கல்லாகப் படிகிறது' என்ற முறைப்பாடு எழும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது குளத்திலிருந்து வந்ததா, வளவுக் கிணற்றிலிருந்து வந்ததா என்பதே. குளத்து நீர் பெரும்பாலும் மழையாலும் ஆற்றாலும் நிரம்புவது, பொதுவாக மென்மையானது. கேத்தலின் அடியில் வெள்ளைத் தோடாகப் படிவது பெரும்பாலும் கிணற்றின் கைவேலை.

கல்சியம், மக்னீசியம் ஆகிய இரு தாதுக்களின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீரை வன்னீர் அல்லது கடின நீர் என்கிறோம். மண்ணினூடாக இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைத்து இத்தாதுக்களைத் தன்னுடன் கொண்டு செல்கிறது. நீரின் வன்மை, ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான தாதுக்கள் உள்ளன என்ற கணக்கில் அளக்கப்படும். 60 வரை மென்னீர். 120க்கு மேல் வன்னீர். 180ஐத் தாண்டினால் மிக வன்னீர் என்பது பரவலாகக் கையாளப்படும் வகைப்பாடு. குடிநீருக்கான இலங்கைத் தர நிர்ணயம் (எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டின் திருத்தம்) 250 மில்லிகிராமை உச்சவரம்பாக வைத்துள்ளது. இந்தியத் தர நிர்ணயம் 200ஐ ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர்மூலம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. உலக சுகாதார நிறுவனமோ உடல்நலத்தை முன்னிட்டு வன்மைக்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. இந்த மூன்றாவது செய்தி முக்கியமானது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

நமது நாட்டில் வன்னீர் என்றதும் யாழ்ப்பாணமே நினைவுக்கு வருகிறது. அங்கே காரணம் வெளிப்படை: குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின்மீது அமர்ந்திருக்கிறது. திருகோணமலையின் நிலை அவ்வளவு எளிதன்று. இங்கே அடித்தளம் தொன்மையான பளிங்குருப் பாறை. இந்த மாவட்டத்துக் கிணறுகளுக்கு வன்மை மூன்று வழிகளால் வருகிறது.

உள்நிலத்தில் பாறைச் சிதைவே காரணம். கல்சியமும் மக்னீசியமும் கொண்ட கனிமங்கள் பளிங்குருப் பாறையிலும் உண்டு. ஈரவலயத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அவற்றைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். மலையகத்திலிருந்து கிழக்குக்கு மாற்றலாகி வரும் அரச ஊழியர்கள், சவர்க்காரம் நுரைக்கவில்லையே என்று முதல் வாரத்திலேயே வியப்பது இதனால்தான். திருகோணமலைக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைத்தாலும், அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டி முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வெயில் நீரை உறிஞ்ச, தாதுக்கள் நிலத்தடியில் செறிகின்றன. ஒரே கிணறு தை மாதத்தில் ஒரு முகமும் ஆவணியில் வேறு முகமும் காட்டும்.

கரையோரத்தில் இரண்டாவது வழி. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எனக் கடலையொட்டி நீளும் மணற்பரப்பில், மணலோடு சிப்பி, சங்கு ஆகியவற்றின் நொறுங்கல்களும் கலந்துள்ளன. அவை கல்சியம் காபனேற்றே. நம் பாட்டிமார் வெற்றிலைக்குச் சுட்டெடுத்த சிப்பிச் சுண்ணாம்பும் கேத்தலில் படியும் தோடும் ஒரே குடும்பம்.

மூன்றாவது வழி கடல். கவலைக்குரியதும் இதுவே. கடல் நீரில் உப்பு மட்டும் இல்லை. லீற்றருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராம் கல்சியமும் உள்ளன. இவற்றை வன்மையின் கணக்கில் மாற்றினால் 6,000ஐத் தாண்டும். 100 லீற்றர் கிணற்று நீரில் 2 லீற்றர் கடல் நீர் கலந்தாலே வன்மை 120 அளவில் உயர்ந்துவிடும். கரையோர மணலில் நன்னீர், கடல் நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளரின் பழைய விதி. விதியின் மறுபக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். மேலே ஒரு மீற்றரை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர்நீர் பல மடங்கு மேலெழும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையில் இது கண்கூடாக நிகழ்ந்தது. கடல் நீர் புகுந்த கிணறுகளை நல்லெண்ணத்தோடு மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சிய இறைப்பால் சில இடங்களில் கீழிருந்த உவர்நீர் மேலேறிக் கிணறு மேலும் கெட்டது. இறைப்பதைக் கட்டுப்படுத்தி, மழை கழுவும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை பின்னரே வந்தது. 2009க்குப் பின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் விடுதிகள் பெருகின. வெங்காயச் செய்கைக்கும் அதே மணலிலிருந்தே நீர் இறைக்கப்படுகிறது. அன்று அலை ஒரு நாளில் செய்ததை இன்று மின்பம்பிகள் ஆண்டுக்கணக்கில் மெதுவாகச் செய்கின்றன என்று அஞ்சுவதற்கு இடமுண்டு.

இனி வீட்டுக்குள் வருவோம். சவர்க்காரம் வன்னீரில் முதலில் அழுக்கைத் தேடிப் போவதில்லை. கல்சியத்தைத் தேடிப் போகிறது. இரண்டும் சேர்ந்து கரையாத பசையாகிப் பாத்திரத்தின் விளிம்பிலும் குளியலறைத் தரையிலும் துணியின் இழைகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. 300 மில்லிகிராம் வன்மையுள்ள ஒரு லீற்றர் நீரிலுள்ள தாதுக்களை முற்றாகப் பிடிக்க, இரசாயனக் கணக்குப்படி ஏறத்தாழ 1.8 கிராம் சவர்க்காரம் வேண்டும். 15 லீற்றர் வாளிக்கு 27 கிராம். அதாவது, அழுக்கைத் தொடுவதற்கு முன்னரே கட்டியின் கால் பங்கு வரை போய்விடக்கூடும். செயற்கைச் சலவைத்தூள் வந்தபின் இந்த இழப்பு குறைந்ததே தவிர நீங்கவில்லை. தூளும் வன்னீரில் கூடுதலாகவே தேவைப்படுகிறது. பாடசாலைச் சீருடை வெள்ளை நிறமாக உள்ள நாட்டில் இந்தப் பசையின் விளைவை ஒவ்வொரு தாயும் அறிவார். மூன்றாம் தவணைக்குள் வெள்ளைச் சட்டை சாம்பல் பூத்துவிடும். பிள்ளை சரியாகத் துவைக்கவில்லை என்று ஏச்சு வாங்கும்.

அடுப்படியில் நிகழ்வது வேறு வகை. நீரிலுள்ள கல்சியம் இருகாபனேற்று, கொதிக்கும்போது கரையாத காபனேற்றாக மாறிப் படிகிறது. கொதித்தால் நீங்கும் இவ்வன்மையைத் தற்காலிக வன்மை என்பர். சல்பேற்று, குளோரைட்டு வடிவில் உள்ளது கொதித்தாலும் அசையாது. அது நிலையான வன்மை. நாளொன்றுக்கு 6 லீற்றர் நீர் கொதிக்கும் வீட்டில் தற்காலிக வன்மை 200 ஆக இருந்து, அது முழுவதும் படிந்தால், ஆண்டுக்கு 400 கிராமுக்கு மேல் கல் சேரும். இந்தக் கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மின்கேத்தலின் சூடாக்கி நீருக்குக் கொடுக்க முடியாத வெப்பத்தைத் தானே தாங்கி ஒரு நாள் எரிந்துபோகும். எரிவாயு அடுப்பிலும் வீண் செலவே. 2022இல் எரிவாயு உருளைக்காக வரிசையில் நின்ற நாட்களை நினைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் வன்னீருக்கும் தொடர்புண்டு. தானியத்தின் கலச்சுவரில் உள்ள பெற்றின் என்ற பொருளைக் கல்சியம் இறுக்கிவிடுகிறது. தேநீரின்மேல் மெல்லிய ஆடை படர்ந்து கோப்பையில் கறை விடுவதும் இதனால்தான். சிறிது தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த ஆடை மறையும். கேத்தலின் தோட்டுக்கும் அதுவே மருந்து. புளியோ வினாகிரியோ ஊற்றி ஊறவிட்டால் நுரைத்துக் கழன்றுவிடும். சுரண்டுவதற்குக் கத்தியை எடுப்பவர்கள் கேத்தலையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இவையெல்லாம் பணச் செலவு. மக்களை உண்மையில் வாட்டுவது அச்சம். 'இந்தத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் போய்விடும்' என்ற பேச்சு மாவட்டத்தின் எல்லா மூலைகளிலும் கேட்கிறது. அது வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் இயலாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பிரதேசத்தையும் விட்டுவைக்கவில்லை. நோய் பரவிய இடங்களும், வன்மையும் புளோரைட்டும் மிகுந்த நிலத்தடி நீர் உள்ள இடங்களும் பெரிதும் பொருந்துவதை ஆய்வாளர் கண்டனர். 2014இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, களைகொல்லியான கிளைபொசேற்று வன்னீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தது. மறு ஆண்டே அரசு அக்களைகொல்லியைத் தடைசெய்தது. 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காகத் தடை தளர்த்தப்பட்டது. கருதுகோள் இன்றுவரை நிறுவப்படவில்லை. புளோரைட்டும் மக்னீசிய வன்மையும் சேரும் நிலை, கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாமல் உழைப்பது, வேளாண் இரசாயனங்கள் எனப் பல காரணிகள் பேசப்படுகின்றன. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே இதையொத்த நோய் காணப்பட்டபோது, வெப்பமும் நீரிழப்புமே அங்கு முதன்மையாகச் சுட்டப்பட்டன.

வன்மை மட்டுமே குற்றவாளியாயின், நாட்டின் மிக வன்மையான நீரைத் தலைமுறைகளாகக் குடித்துவரும் யாழ்ப்பாணத்தில் அல்லவா அந்நோய் தாண்டவமாடியிருக்க வேண்டும்? அவ்வாறு நிகழவில்லை. சிறுநீரகக் கல்லைப் பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே. கேத்தலில் கல் படிகிறது, ஆகவே உடலிலும் படியும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் உடல் கேத்தல் அன்று. வெப்பமான நாட்டில் கல் உண்டாவதற்குப் பெருங்காரணம் குறைவாக நீர் அருந்துவது. நீருக்கு அஞ்சி நீரைக் குறைப்பவர் தாம் அஞ்சியதையே தேடிக்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் வரம்பு விதிக்காததன் பொருளும் இதுதான்: வன்மை தன்னளவில் நோய் செய்வதற்குச் சான்றில்லை, கல்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. தோல் அழற்சி பற்றியும் பலர் கேட்பதுண்டு. பிரித்தானியாவில் 336 சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான பரிசோதனையில், வீட்டு நீரை மென்னீராக்கியதால் அவர்களது தோல் அழற்சி கூடுதலாகக் குணமடையவில்லை என்றே தெரிந்தது.

இங்கே ஒரு கலப்படத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வன்மை, உவர்ப்பு, புளோரைட்டு, நைத்திரேற்று ஆகிய நான்கையும் நம் மக்கள் 'தண்ணீர் சரியில்லை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். வன்மையைக் கேத்தல் காட்டும். உவர்ப்பை நாக்கு காட்டும். புளோரைட்டையும் நைத்திரேற்றையும் ஆய்வுகூடம்தான் காட்டும். புளோரைட்டின் வரம்பு லீற்றருக்கு 1 மில்லிகிராம்; மீறினால் குழந்தைகளின் பற்களில் நிரந்தரக் கறையும் குழியும் விழும். உரமும் மலக்குழியும் தரும் நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. கொதிக்கவைத்தால் இவ்விரண்டும் போகா; நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். படிவு நீங்கித் தெளிந்த நீரைப் பார்த்து நிம்மதி அடையும் தாய் இதை அறிந்திருப்பதில்லை.

இந்த அறியாமை இருக்கும் இடத்தில் வணிகம் நுழைகிறது. வீடு தேடி வரும் விற்பனையாளர் இரு கண்ணாடிக் குவளைகளை வைத்து, ஒன்றில் உங்கள் கிணற்று நீரையும் மற்றதில் தமது சுத்திகரித்த நீரையும் ஊற்றி, மின்முனைகளை அமிழ்த்துகிறார். சில நிமிடங்களில் கிணற்று நீர் சேறுபோல் பழுப்பாகிறது, வீட்டார் திகைக்கின்றனர். பழுப்பு நிறம் நீரிலிருந்து வருவதன்று. மின்முனையின் இரும்பு கரைந்து வருவது. தாதுக்கள் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும், தாது நீக்கிய நீர் கடத்தாது, வேடிக்கை அவ்வளவே. உயர்தரத்தில் இரசாயனம் பயிலும் மாணவன் கண்டுபிடிக்கக்கூடிய இந்த வித்தைக்கு, படித்த குடும்பங்களும் பல்லாயிரம் ரூபா கொடுத்திருப்பதை நான் அறிவேன். என் உறவினர் வீட்டிலேயே அவ்வாறு வாங்கிய இயந்திரம் ஒன்று வடிகட்டி மாற்றப்படாமல் சுவரில் தொங்குகிறது.

சவ்வினூடாக நீரை அழுத்திச் சுத்திகரிக்கும் இவ்வகை இயந்திரங்கள் (மக்கள் வழக்கில் 'ஆர்.ஓ.') பயனற்றவை என்று சொல்ல வரவில்லை. புளோரைட்டும் உவர்ப்பும் மிகுந்த ஊர்களில் அவை அவசியம். சிறுநீரக நோய்ப் பிரதேசங்களில் கடற்படை தானே தயாரித்து நிறுவிய நூற்றுக்கணக்கான நிலையங்கள் பல கிராமங்களுக்குக் குடிநீர் தருகின்றன. ஆனால், அவை உள்ளே செல்லும் நீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியேற்றுகின்றன. வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் கழிவே அதிகம். உப்புச் செறிந்த அக்கழிவு கிணற்றடியிலேயே விடப்பட்டால் மீண்டும் கிணற்றுக்கே திரும்பும். கேத்தலில் படிவு என்ற ஒரே குறைக்காக இவ்வளவு தேவையில்லை. அயன்மாற்று முறையில் மென்னீராக்கும் கருவிகளும் உண்டு. அவை கல்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கின்றன. 300 மில்லிகிராம் வன்மையை அவ்வாறு நீக்கினால் லீற்றருக்கு 138 மில்லிகிராம் சோடியம் சேரும். குளிக்கவும் துவைக்கவும் அது நன்று; உயர் குருதியமுக்கம் உள்ளவர் குடிப்பதற்கு அன்று.

எளிய வழிகள் முன்னரே நம்மிடம் உள்ளன. குடிநீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் தெளித்தெடுத்தால் தற்காலிக வன்மை பெரிதும் நீங்கும். துவைக்கும் நீரில் சிறிது சலவைச் சோடாவை முதலில் இட்டுச் சில நிமிடம் விட்டால், நிலையான வன்மையும் படிந்துவிடும். பெரும் அளவில் சுண்ணாம்பைக் கொண்டே வன்மையை வீழ்த்தும் முறைக்கு அபர்தீன் பேராசிரியர் தோமஸ் கிளார்க் 1841இலேயே காப்புரிமை பெற்றார்.

எல்லாவற்றிலும் மென்மையான நீர் நம் கூரையில் விழுகிறது. 100 சதுர மீற்றர் கூரையில் ஓர் ஆண்டில் விழும் மழை ஏறத்தாழ 1,60,000 லீற்றர். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர் என்றால், 5,000 லீற்றர்த் தாங்கி நூறு நாட்களுக்குப் போதும். முதல் மழையைக் கழிவாக விட்டு, பின்னர் சேர்க்க வேண்டும். தாங்கியை நுளம்புவலையால் இறுக மூடவும் வேண்டும். 2017இல் கிண்ணியாவை உலுக்கிய டெங்கு, திறந்த தாங்கி என்ன செய்யும் என்பதைக் காட்டியிருக்கிறது. மழைநீரும் நுண்ணுயிர் நீங்கக் கொதித்தாறியதாகவே அருந்தப்பட வேண்டும்.

ஆயினும், வீட்டார் எந்த வழியைத் தேர்வது என்பதற்கு முதலில் அவர்கள் கையில் ஓர் எண் வேண்டும். பிரித்தானியாவில் நீர் நிறுவனங்கள் அஞ்சற் குறியீட்டு வாரியாக வன்மையை வெளியிடுகின்றன. இங்கே சபை தன் குழாய் நீரைத் தொடர்ந்து பரிசோதிக்கிறது. அந்த முடிவுகளை மாதந்தோறும் பிரதேச செயலகப் பலகையிலும் நாளிதழிலும் இடுவதற்குப் பெரும் செலவில்லை. கிணறுகளின் நிலைதான் இரங்கத்தக்கது. தனியார் கிணறு என்பதால் அதன் நீருக்கு எவரும் பொறுப்பில்லை. சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், நாட்கூலிக்குச் செல்லும் குச்சவெளிக் குடும்பம் போத்தலோடு நகருக்கு வந்து பணம் கட்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கிராமத்துக்கு ஐந்து பொதுக் கிணறுகளையேனும் தெரிவுசெய்து, வன்மை, உவர்ப்பு, புளோரைட்டு, நைத்திரேற்று ஆகிய நான்கையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாக அளந்து, கிணற்றுக் கட்டிலேயே தீந்தையால் எழுதிவிடலாம். உள்ளூராட்சி மன்றங்களின் வருடாந்தச் செலவில் இது ஒரு மூலைக்கும் காணாது.

கந்தளாயிலிருந்து குழாய் நீள்வதே நிலையான தீர்வு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், அந்தக் குளம் வயல்களுக்கும் உரியது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதன் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஒரே குளத்தை நம்பி எல்லாக் கிணறுகளையும் கைவிட முடியாது. குழாய் வந்த வீடுகளிலும், வறட்சி மாதங்களில் பம்பியின் ஓசை ஓய்வதில்லை.

பரிசோதனைக்கு உகந்த காலம் செப்ரெம்பர் மாத இறுதி. கிணறு ஆகத் தாழ்ந்து, தாதுக்கள் ஆகச் செறிந்து நிற்கும் நேரம் அது. மழைக்குப் பின் ஜனவரியில் ஒரு முறையும் அளந்தால், இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே அந்தக் கிணற்றுக்குள் பாறை பேசுகிறதா, கடல் பேசுகிறதா என்பதை ஓரளவு சொல்லிவிடும். குளோரைட்டும் சேர்ந்து ஏறியிருந்தால், பேசுவது கடல்.